ஐம்பத்தொன்றும் ஐம்பத்தொன்றும்

கம்பத்தில் விசேஷங்களுக்குப் பழத்தட்டு அலங்காரம் செய்பவர்கள் நாலைந்து பேர் இருந்தாலும் சாபிராவின் கை தனி என்று ஊரே சொல்லும். அன்னாசியில் மயில் செய்வாள். தர்பூசணியில் அன்னம் செதுக்குவாள். ஆப்பிளையும் மாதுளையையும் குச்சியில் கோத்துப் பிள்ளையார் செய்வாள். அந்தப் பிள்ளையாரைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டவர்கள் உண்டு. பிய்த்துத் தின்றவர்கள் இல்லை.

பழத்தட்டில் இருக்கும் பழத்தைத் தின்பது மரியாதை தெரிந்தவர்கள் செய்கிற காரியம் கிடையாது. அதைப் படம் எடுக்க வேண்டும். கண்ணாடித்தாள் பிரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், ஃப்ரிட்ஜில் இடமில்லையே என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அலுத்துக்கொள்ள வேண்டும். நாலாம் நாள் அழுகல் வாடை வந்ததும் மாட்டுக்கு வைக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் கிவிப் பழத்தின் ருசி மனிதர்களைவிடப் பசுமாடுகளுக்கு நன்றாகத் தெரியும்.

சாபிராவுக்கு இது உள்ளூரக் குறைதான். விடியற்காலையில் சந்தைக்குப் போய் ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குகிறவள் அவள். ஒரு நாள் புருஷன் ஷரீப்பிடம் சொன்னாள்.

"ஒருத்தராச்சும் தின்னுட்டு நல்லாருந்துச்சுன்னு சொன்னதில்லங்க."

ஷரீப் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவர். "நான் ஏத்திட்டுப் போற ஆளுககூட ஜீப்பு நல்லாருந்துச்சுன்னு சொன்னதில்ல" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கார்த்திகை மாதத் தொடக்கத்தில் முத்துலட்சுமி வந்தாள். அவள் புருஷன் காமராஜுக்கு ஊருக்கு மேற்கே நாலு ஏக்கரில் பன்னீர் திராட்சைத் தோட்டம். மகள் திரிஷாவுக்குத் தேனி அல்லிநகரத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டுச் சார்பில் மாற்றிக்கொடுக்க இருபத்தொரு தட்டு வேண்டும்.

"எல்லாம் ஃபாரின் பழமா இருக்கணும் சாபிரா. டிராகன், கிவி, புளூபெரி, அந்தப் பெரிய செவப்பு திராச்ச. ஸ்டிக்கரப் பிச்சிராத. ஸ்டிக்கர் முன்னால தெரியிற மாதிரி வையி."

"அண்ணன் தோட்டத்துலயே பழம் தெரண்டு நிக்கிதேக்கா. ஒரு தட்டு அதுல வைப்போமா? கருகருன்னு பாக்க அழகா இருக்கும்."

முத்துலட்சுமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஊரெல்லாம் காச்சுக் கெடக்கிறதையா தட்டுல வைக்கிறது? மாப்ள வீட்டாளுக என்ன நெனப்பாக? ஒண்ணுமில்லாதவுகன்னு நெனச்சிர மாட்டாகளா?"

நாலு ஏக்கர் திராட்சை இருப்பதைக் காட்டினால் ஒன்றுமில்லாதவர்கள் என்று ஆகிவிடும். எங்கோ விளைந்து, கப்பலில் வந்து, மூன்று மாதம் குளிர்ப்பெட்டியில் கிடந்த திராட்சையைக் காட்டினால்தான் வசதியானவர்கள். சாபிரா தலையாட்டினாள். இந்தத் தொழிலில் முதலில் பழக வேண்டியது தலையாட்டத்தான்.

அடுத்த நாள் சாயங்காலம் சாபிராவின் மகள் மிஸ்பா போனை நீட்டினாள். கல்லூரியில் படிக்கும் மிஸ்பாதான் அம்மாவின் வேலைகளைப் படம்பிடித்து 'மிஸ்பா டெக்கார்ஸ்' என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் போடுகிறவள். அதன் வழியாக வரும் ஆர்டர்களை அவளே பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசி முடிப்பாள். இந்த முறை அல்லிநகரத்திலிருந்து சந்தனம்மாள் என்று ஒரு அம்மாள். மகன் நிச்சயத்துக்கு இருபத்தைந்து தட்டு வேண்டுமாம். தட்டில் சொருக வேண்டிய பெயர்ப்பலகைக்கு அழைப்பிதழையும் அனுப்பியிருந்தாள். அதில் 'திலீபன் – திரிஷா' என்று போட்டிருந்தது. மண்டபமும் தேதியும் முத்துலட்சுமி சொன்னதேதான்.

"அம்மா, ரெண்டு பக்கமும் நம்மதான்" என்றாள் மிஸ்பா.

"சொல்லிருவோமா?"

"எதுக்கும்மா? டாக்டரு ஒரு பேஷண்டப் பத்தி இன்னொரு பேஷண்டுகிட்டச் சொல்லுவாகளா?"

சாபிராவுக்கு அந்த உவமை பிடித்திருந்தது. அன்றிலிருந்து தன்னை டாக்டராகவே நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் வாயை மூட வேண்டிய வேறு இரண்டு பேர் மூடவில்லை. நிச்சயம் ஆகவிருந்த திலீபனும் திரிஷாவும் பொழுதுக்கும் போனில் பேசினார்கள். எதிர்கால வாழ்க்கை பற்றித்தான் பேசியிருக்க வேண்டும், ஆனால் நடுநடுவே தட்டுக் கணக்கும் வந்து போயிருக்கிறது. அந்தப் பக்கம் இருபத்தைந்து என்று தெரிந்ததும் முத்துலட்சுமி முப்பத்தொன்று என்றாள். இரண்டு மணி நேரத்தில் சந்தனம்மாள் முப்பத்தைந்துக்கு ஏறினாள். நாற்பத்தொன்று, நாற்பத்தைந்து என்று போய்க் கடைசியில் இரண்டு பக்கமும் ஐம்பத்தொன்றில் நின்றது. விட்டுக்கொடுத்து நிற்கவில்லை. கம்பத்திலும் தேனியிலும் வாடகைக்கு இருந்த பித்தளைத் தட்டுகள் மொத்தமாகவே அவ்வளவுதான்.

ஐம்பத்தொரு தட்டையும் ஃபாரின் பழத்தால் நிரப்புவது யாருக்கும் கட்டுப்படியாகாது. முத்துலட்சுமிதான் அதற்கு வழி சொன்னாள்.

"எண்ணிக்கை கொறையக்கூடாது. பழம் கொறஞ்சாப் பரவால்ல. அடியில தெர்மாகோல் குடுத்து ஒசத்திரு. உள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறா?"

சந்தனம்மாள் மிஸ்பாவிடம் இன்னும் நாசூக்காகச் சொன்னாள். "கண்ணுக்கு நெறஞ்சு இருக்கணும் மேடம். கைக்குக் கனமா இருந்தா எங்க பொம்பளைகளால தூக்க முடியாது. அடியில ஏதாச்சும் லேசாக் குடுங்க."

அப்படியாக நாலு நாள் சாபிராவும் பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாளும் உட்கார்ந்து தெர்மாகோலைக் கோபுரம் கோபுரமாக அறுத்து, மேலே ஒரு வரிசை பழத்தைப் பல்குத்தும் குச்சியால் குத்தி நிறுத்தினார்கள். பெண் வீட்டுக்கு மயில்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு அன்னங்கள். சங்கிலியம்மாள் சில நேரம் குழம்பி மயிலுக்கு அன்னத்தின் கழுத்தை வைத்துவிடுவாள். பிறகு பிடுங்கி மாட்டுவார்கள். முந்தின நாள் மதியமே ஷரீப் ஜீப்பின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அன்னங்களை அல்லிநகரத்தில் கொண்டுபோய் இறக்கினார். சந்தனம்மாள் அவரை வெறும் டிரைவர் என்று நினைத்து ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். அவரும் வெறும் டிரைவராகவே குடித்துவிட்டு வந்தார்.

நிச்சயத்தன்று கம்பத்து மண்டபத்தில் பெண் வீட்டுத் தட்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டுச் சாபிரா ஓரமாக நின்றாள். பதினோரு மணிக்கு மேளத்தோடு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஐம்பத்தொரு பெண்கள் ஐம்பத்தொரு அன்னங்களை ஏந்திக்கொண்டு, பெரிய கனம் தாங்குகிறவர்கள்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் திலீபனின் தாய்மாமன் கர்ணன். தங்கச் சங்கிலி சட்டைக்கு வெளியே தொங்கியது. அவர் பெண் வீட்டு மயில்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் செஞ்சிருக்காக. ஆனா நம்மது தேனி வேலை. அந்த ஃபினிஷிங் தனி" என்றார். சாபிராவுக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் அவமானமாகவும் இருந்தது.

தட்டு மாற்றினார்கள். அரை மணி நேரத்தில் அன்னங்கள் இந்தப் பக்கமும் மயில்கள் அந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்தன. மோதிரம் போட்டார்கள். படம் எடுத்தார்கள். ஒரு மணிக்கு எல்லோரும் பந்திக்கு எழுந்தார்கள்.

பந்தியில் இலை இருந்தது. தண்ணீர் பாட்டில் இருந்தது. சாப்பாடு இல்லை.

மயில் தட்டுக்குக் கம்பத்துச் சமையல்காரர்களின் கை ஈடாகாது என்று முத்துலட்சுமி தேனியில் ஒரு கேட்டரிங்காரரைப் பிடித்திருந்தாள். அவர் அங்கேயே சமைத்து வேனில் கொண்டுவருவதாக ஏற்பாடு. அது ஐயப்பன் சீசன். வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று போக, அதன் பின்னால் மலைக்குப் போகும் வண்டிகள் மைல் கணக்கில் நின்றுவிட்டன. சாம்பாரும் ரசமும் அந்தச் சாமிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. காமராஜ் போன் போடும்போதெல்லாம் கேட்டரிங்காரர், "இந்தா வந்துட்டோம்ண்ணே, பாலத்தத் தாண்டிட்டோம்" என்றார். இரண்டு மணி வரைக்கும் அதே பாலத்தைத்தான் தாண்டிக்கொண்டிருந்தார்.

சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் தலை சுற்றுகிறது என்று சாய்ந்தார். கர்ணன் சங்கிலியைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"நாங்க கெளம்புறோம். சோறு போட முடியாத எடத்துல சம்பந்தம் பண்றது பத்தி வீட்டுக்குப் போயி யோசிக்கிறோம்."

காமராஜ் வியர்த்துப்போய்ச் சாபிராவிடம் ஓடி வந்தார். நல்ல மனுஷர். பூச்சிமருந்து எவ்வளவு அடிப்பது, எப்போது கொடியைக் கவாத்து செய்வது என்பதைத் தவிர வேறெதிலும் வீட்டில் அவரிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை.

"தங்கச்சி, எம்புட்டுப் பழம் இருக்கு இங்கன. நூறு தட்டு. எல்லாத்தையும் பிரிச்சு அறுத்துப் போட்டா ஒரு மணி நேரம் தாங்காதா?"

தாங்காது என்பது சாபிரா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பதில் சொல்வதற்குள் பிரச்சினை வேறு பக்கம் போய்விட்டது. யார் தட்டை முதலில் பிரிப்பது?

"நாங்க கொண்டாந்த தட்டப் பிரிச்சு எங்களுக்கே போட்டா, எங்க சோத்த நாங்களே திங்கிறதுல்ல" என்றார் கர்ணன்.

"அப்ப எங்க தட்டப் பிரிங்க" என்றார் பெண் வீட்டுக்காரர் ஒருவர்.

"அது இப்ப எங்க தட்டு. மாத்தியாச்சுல்ல."

பசித்திருந்த அறுநூறு பேர் இதை மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தடியில் முத்துலட்சுமி சாபிராவின் முந்தானையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"அவுக தட்ட வேணாப் பிரி. நம்ம மயில மட்டும் தொட்டுறாத. உள்ள இருக்கிறது தெரிஞ்சா நான் நாண்டுக்கிட்டுத்தான் சாகணும்."

அவள் போன கையோடு சந்தனம்மாள் வந்தாள். பெண் வீட்டு அலங்காரக்காரி என்பதைத் தவிர அவளுக்குச் சாபிராவைத் தெரியாது.

"இந்தாம்மா. நாங்க கொண்டாந்த அன்னத்த மட்டும் பிரிக்காத. அது பெரிய எடத்துல செஞ்சது. பிரிச்சா திரும்ப அப்பிடிக் கட்ட ஒனக்கு வராது."

"வராதுங்கம்மா" என்றாள் சாபிரா.

அந்த நேரம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குழந்தையை வைத்திருந்த ஒருத்தி தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். நாலு நாள் விரல் நோக நோக நூற்றிரண்டு தட்டு செய்து, பசித்த வாய்க்கு ஒரு துண்டு கொடுக்க முடியவில்லை என்றால் அது என்ன தொழில் என்று எரிச்சலாக வந்தது. சபை நடுவே போய்ச் சத்தமாகச் சொன்னாள்.

"ரெண்டு பக்கத் தட்டையும் சரிக்குச் சரியாப் பிரிப்போம். முன்னப்பின்னன்னு பேச்சே வேணாம். கத்தி வேல, நறுக்குற எடத்துக்கு யாரும் வரக்கூடாது."

ஆண்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள். கௌரவத்துக்குக் குறைவில்லாமல் தின்ன ஒரு வழி கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. மண்டபத்துப் பாத்திர அறைக்குள் தட்டுகளை ஏற்றிவிட்டு, சாபிராவும் சங்கிலியம்மாளும் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடித்தாளைக் கிழித்தார்கள். மயிலிலிருந்து பழத்தைப் பிடுங்கித் தெர்மாகோலை ஒரு மூலையில் போட்டார்கள். அன்னத்திலிருந்து பிடுங்கி இன்னொரு மூலையில் போட்டார்கள்.

பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. தன் மயில் என்ன ஆயிற்று என்று பார்க்க முத்துலட்சுமி வந்தாள். அவளை அங்கே தனியே விடக்கூடாது என்று பின்னாலேயே சந்தனம்மாள் வந்தாள். இருவரும் உள்ளே வந்ததும் நின்றுவிட்டார்கள். கிழக்கு மூலையில் இடுப்பளவு தெர்மாகோல். மேற்கு மூலையில் அதே இடுப்பளவு தெர்மாகோல்.

ஜாதகம் பார்த்தபோது பத்தில் ஏழு பொருத்தம்தான் இருந்தது என்று பேச்சு. மீதி மூன்றும் இப்போது கண்ணெதிரே இரண்டு மூலையிலும் குவிந்து கிடந்தன.

"ரெண்டும் என் வேலதான்" என்றாள் சாபிரா, கிவியை வெட்டிக்கொண்டே.

சந்தனம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப மிஸ்பா மேடம்?"

"எம் மக."

"நீ ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாள் முத்துலட்சுமி.

"அவுக எத்தன தட்டு, அவுக எத்தன தட்டுன்னுதான் ரெண்டு பேரும் கேட்டீக. யாரு செய்றான்னு ஒருத்தரும் கேக்கலையேக்கா."

சந்தனம்மாள் போய்க் கதவுக்குத் தாழ் போட்டாள். முத்துலட்சுமி பட்டுப்புடவை முந்தானையைச் சொருகிக்கொண்டு மூலையில் கிடந்த சாக்கை உதறினாள். சம்பந்திகள் இருவரும் குனிந்து தெர்மாகோலை அள்ளிச் சாக்கில் திணித்தார்கள். "இந்தப் பக்கம் பிடிங்க சம்பந்தி." "இருங்க, நான் அமுக்குறேன்." அன்று காலையிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பழம் எல்லாவற்றையும் நறுக்கிய பிறகு இருநூறு பேருக்குத் தேறும்போல் இருந்தது. அறுநூறு பேர் வெளியே.

"அண்ணன் பழம் எங்க இருக்கு?" என்று சாபிரா கேட்டாள்.

காலையில் அறுத்த திராட்சையை மதுரைக்கு ஏற்றிய வேன், ரோடு அடைத்துக்கொண்டதால் மண்டபத்துக்குப் பின்னாலேயே நின்றது. நிச்சய வீட்டுக் கார்களுக்கு நடுவே அது தெரியக்கூடாது என்று முத்துலட்சுமிதான் மறைவாக நிறுத்தச் சொல்லியிருந்தாள். இப்போது அவளே வாயில் சேலை நுனியை வைத்துக்கொண்டு யோசித்தாள். சந்தனம்மாள்தான் முடிவெடுத்தாள்.

"மேல நாலு கிவிய வைங்க. யாரு கண்டா."

நாற்பது பெட்டி இறங்கின. கழுவி, கொத்து கொத்தாகப் பித்தளைத் தட்டில் குவித்து, மேலே கிவியும் டிராகனும் நறுக்கிச் சாய்த்து வைத்தாள் சாபிரா. அவசரத்திலும் கை அழகைக் கைவிடவில்லை. பந்தியில் தட்டு போனதும் ஐந்து நிமிஷம் மண்டபத்தில் பேச்சே இல்லை. பன்னீர் வாசம் மட்டும் வந்தது.

கர்ணன் ஒரு கொத்தைத் தீர்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "இதுதான் ஆஸ்திரேலியா ரகம். நம்ம ஊருப் பழம் புளிக்கும். இதப் பாரு, சீனி."

பக்கத்தில் இருந்தவர், "விதை இருக்கே மாமா?" என்றார்.

"வித இருந்தாத்தான் ஒரிஜினல். மத்ததெல்லாம் மருந்தடிச்சது."

பரிமாறிக்கொண்டிருந்த காமராஜின் காதில் இது விழுந்தது. இருபது வருஷமாக அந்தக் கொடியோடு மாரடித்த மனுஷருக்கு, தன் பழத்தை ஒருவர் இவ்வளவு புகழ்ந்து கேட்பது அதுதான் முதல் முறை. அதைத் தன்னுடையது என்று சொல்லவும் முடியவில்லை. முத்துலட்சுமி கண்ணாலேயே அவரை அடக்கிவிட்டாள். "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார். கர்ணன் வைக்கச் சொன்னார்.

மூன்றரை மணிக்குச் சாப்பாட்டு வேன் வந்து சேர்ந்தது. யாருக்கும் வயிற்றில் இடமில்லை. இத்தனை சோறும் வீணாகிறதே, இதெல்லாம் திட்டம் போட்டுச் செய்ய வேண்டாமா என்று அதற்கும் கர்ணன் கோபித்துக்கொண்டார்.

கல்யாணம் தையில். அந்தத் தட்டு வேலை தனக்குத்தான் வரும் என்று சாபிரா ஒரு மாதம் நம்பியிருந்தாள். இரண்டு பக்கத்தின் மானத்தையும் ஒரே கத்தியில் காப்பாற்றியவள் அல்லவா. ஆனால் சந்தனம்மாளும் முத்துலட்சுமியும் இப்போது தினம் போனில் பேசிக்கொள்கிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். சேர்ந்தே முடிவெடுத்து மதுரையில் வேறு ஆளைப் பிடித்தார்கள். மார்க்கெட்டில் சாபிராவைப் பார்த்தால் முத்துலட்சுமி வாழைத்தார்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவளை யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று ஷரீப் விளக்கினார். அவர் பேச்சில் சமாதானம் இருக்காது, சரியாக இருக்கும்.

சாபிரா ஒரு வாரம் மனசு விட்டுப்போய்க் கிடந்தாள். பிறகு மிஸ்பாவிடம் சொல்லி இன்ஸ்டாகிராமில் ஒரு வரி போடச் சொன்னாள். இனிமேல் தின்கிற தட்டு மட்டும்தான் செய்வாள், தெர்மாகோல் வேலை கிடையாது. இருபது நாளுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை.

கடைசியில் ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு டீச்சர் பேசினார். அந்த நிச்சயத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவராம். மகன் சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மை, கோயில் முடிந்ததும் பிள்ளைகளுக்கு விருந்து, பன்னிரண்டு தட்டு வேண்டும். "அன்னிக்கு நீங்க வச்ச மாதிரியே வைங்க. பிள்ளைக தின்னணும்" என்றார்.

சாபிரா அந்த வேலையில் தன் வித்தை முழுவதையும் இறக்கினாள். பப்பாளியில் புறா செதுக்கினாள். கொய்யாவும் சப்போட்டாவும் சீத்தாப்பழமுமாக அடுக்கி, திராட்சையில் ஜெபமாலை கோத்து, நடுவில் அன்னாசித் துண்டுகளால் சிலுவை வைத்தாள். அடி வரைக்கும் பழம். தட்டைத் தூக்கும்போது சங்கிலியம்மாளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

மேசையில் வைத்துவிட்டுக் கடைசித் திராட்சை இலையைச் சரி செய்யக் குனிந்தாள். அதற்குள் வெள்ளை உடுப்பில் நாற்பது பிள்ளைகள் கோயிலிலிருந்து ஓடி வந்தார்கள். புறாவின் தலை முதலில் போயிற்று. ஜெபமாலையை மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்தார்கள். ஒரு சிறுமி சிலுவையைத் துண்டு துண்டாக எடுத்துத் தம்பிக்கு ஊட்டினாள். கால் மணி நேரத்தில் பன்னிரண்டு தட்டிலும் விதையும் தோலும்தான் மிச்சம்.

டீச்சர் வந்து சாபிராவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நல்லாருந்துச்சும்மா."

அவள் இத்தனை வருஷம் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் நிறைவாகத்தான் இருந்தது. சிரித்தபடியே கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். உத்தமபாளையத்தில் திரும்பும்போது ஷரீப்பிடம் மெல்லச் சொன்னாள்.

"பாவிப்பிள்ளைக, ஒரு போட்டோ எடுக்கவிடலீங்க."